பத்து நிமிடப் படம்

ஷூசாகு அண்ணன் கைபேசியை மேசைமேல் அறைந்த வேகத்தில் விலைச்சீட்டு இரண்டு பறந்து கீழே விழுந்தன.

"இதுல என் பொண்ணு எதுன்னு சொல்லுடா, ஒசாமு."

குனிந்து பார்த்தேன். ஏதோ பூங்கா. சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் முப்பது பேர் வரிசையாகப் போனார்கள். படம் ஆடியது. காற்று இரைந்தது. ஒரு முகமும் தெரியவில்லை.

"தெரியல, அண்ணே."

"எனக்கும் தெரியல. பெத்த அப்பனுக்கே தெரியல. எறும்பு ஊர்றதைப் பத்து நிமிஷம் புடிச்சு அனுப்பியிருக்கா. கேட்டா, கோர்ட்டு சொன்னதைச் செஞ்சாச்சுன்னு அவ வக்கீல் கடுதாசி போடறான். பத்து நிமிஷம்னுதான் சொன்னாங்களாம். முகம் தெரியணும்னு சொல்லலையாம்."

அவர் குரல் கேட்டதுமே எங்கள் மின்சாமான் கடை முதலாளி பின்கட்டுக்குப் போய்விட்டார். நினோமியா வீட்டு ஆண்கள் கோபப்படும்போது யாவதஹாமாவில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

அவர் மனைவி மிசாடோ மூன்று வருடத்துக்கு முன் நான்கு வயது சுஸுவைத் தூக்கிக்கொண்டு மட்சுயாமாவுக்குப் போய்விட்டாள். விவாகரத்து ஆயிற்று. எங்கள் சட்டத்தில் பிரிந்தபின் பிள்ளை ஒருவருக்குத்தான். சுஸு அம்மாவிடம் போனாள். மாதம் ஒரு முறை பார்க்கலாம் என்று முதலில் பேச்சு. போன வருடம் பள்ளி விளையாட்டு நாளன்று இவர் அழைப்பில்லாமல் போய் வேலிக்கு வெளியே நின்றார். வாத்தியார் ஒருவர் வந்து யார் என்று கேட்டார். இவர் கத்தினார். வேலியைப் பிடித்து உலுக்கினார். சுஸு டீச்சரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதாள். அதோடு குடும்ப நீதிமன்றம் சந்திப்பை நிறுத்திவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறை, பத்து நிமிடத்துக்குக் குறையாத வீடியோ. அதுதான் மிச்சம். மறுபடி பள்ளிப் பக்கமோ வீட்டுப் பக்கமோ போனால் அதுவும் கிடையாது.

"அக்டோபர்ல விளையாட்டு நாள் வருது" என்றார். "நானே கேமரா வாங்கி அவளுக்கு அனுப்பறேன். வக்கீல் சரின்னுட்டான். சின்னதா இருக்கணும், சுலபமா இருக்கணும்கறா மகாராணி. எடு, எல்லாத்தையும் எடு."

செப்டம்பரில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பாக்கள். விளையாட்டு நாளுக்கென்றே முன்வரிசையில் கேமராக்களை அடுக்கி, மேலே காகிதக் கொடித் தோரணம் கட்டிவைப்போம். பதினோரு மாடல். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"எவ்வளவு பெரிசாத் தெரியும்?"

"எது?"

"முகம்டா. வேற என்னத்தக் கேக்கப்போறேன்?"

"இது இருபது மடங்கு இழுக்கும். இது பத்து."

"இதுல எழுபதுன்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்கு இருபதைக் காட்டற?"

"அந்த எழுபது கணக்குல வராது, அண்ணே. கண்ணாடி இழுக்கறது கொஞ்சம்தான். மிச்சத்தை உள்ளயே படத்தை இழுத்து ஒட்டும். முகம் கஞ்சி மாதிரி ஆயிடும்."

"அப்ப அட்டையில போட்டிருக்கறது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா நம்பக் கூடாது."

"கோர்ட்டுல பேசற மாதிரியே பேசற."

குளிர்பானக் குப்பி அளவில் ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பெரியது ஒன்றை எடுத்தார். தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது ஆகாது. அவளுக்கு மணிக்கட்டு சின்னது. கல்யாணமாகி வந்தப்போ ஆரஞ்சு பறிக்கிற கூடையையே ரெண்டு கையால தூக்குவா. இதைக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல கீழ எறக்கிடுவா. படத்துல தரைதான் இருக்கும்."

மிசாடோவின் மணிக்கட்டைப் பற்றிக் கோபமாகத்தான் சொன்னார்.

கடைசியில் மூன்று மிஞ்சின. ஒன்று பழைய தரம், மலிவு. இரண்டு ஹெச்டி. ஹெச்டியில் முகத்து மச்சம்கூடத் தெரியும் என்று சொன்னேன். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். வெயிலில் பார்க்கக் கண் வைக்கிற துளை உள்ளது ஒன்றுதான், மற்றதில் திரை மட்டும், வெயிலில் அது கறுத்துப்போகும் என்றும் சொன்னேன்.

"சரி. ஓடு."

"நானா?"

"வேற யாரு, உன் முதலாளியா? அவன் ஓடிப்போய் ரொம்ப நேரமாச்சு. எதிர்த்தாப்புல மீன் சந்தை வண்டி நிறுத்தற இடம் இருக்குல்ல, அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு ஓடு. ஏழு வயசுப் பிள்ளை ஓடற வேகத்துல."

கழுத்துப் பட்டையோடு ஓடினேன். மூன்று கேமராவிலும் அவர் படம் பிடிக்க, மூன்று முறை. ஐஸ் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சந்தைப் பெண்கள் கைதட்டினார்கள்.

"ஏ ஒசாமு, யாரு தொரத்தறா? கடன்காரனா?"

"பொண்ணா இருந்தா நின்னுடு தம்பி!"

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். கடையிலிருந்த பெரிய டி.வி.யில் மூன்றையும் போட்டுக் காட்டினேன். முதலாவதில் ஒரு ஆள் ஓடினான். இரண்டாவதில் ஓடியவன் நான் என்று தெரிந்தது. மூன்றாவதில் என் முகம் திரை முழுக்க இருந்தது. வியர்வை தெரிந்தது. சவரத்தில் விட்டுப்போன இடம் தெரிந்தது. வேறொன்றும் அந்த முகத்தில் இல்லை.

"செத்த மீன் மாதிரி இருக்குடா உன் மூஞ்சி" என்று ஷூசாகு அண்ணன் சொன்னார். என் மனைவி சிஹோ இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தெளிவாத் தெரியுதுன்னு சொல்ல வந்தேன். இதையே குடு."

கட்டிக் கொடுக்கப் போனேன். நிறுத்தினார்.

"காயிதம் எடு. நான் சொல்றதை எழுது. என் கையெழுத்தைப் பாத்தா கிழிச்சுப் போட்டுடுவா. முழங்கையை விலாவோட ஒட்டி வெக்கணும்னு எழுது. ஓட்டம் ஆரம்பிக்கத் துப்பாக்கி சுடறதுக்கு முன்னாடியே பட்டனை அமுக்கணும். முடிக்கிற கோட்டுப் பக்கம் உக்காரணும், நடுவுல உக்காந்தா முதுகுதான் தெரியும். பக்கத்துப் பிள்ளை முந்தறான்னு கேமராவால அதைத் தொரத்தக் கூடாது."

"அப்புறம்?"

"பேர் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டாதான் லென்ஸைப் பாப்பா. ஓடி முடிச்சதும் டப்புன்னு நிறுத்தக் கூடாது. கிட்டக் கூப்பிட்டு வெச்சுப் பேசணும். அவ குரல் இப்ப எப்படி இருக்குன்னே எனக்குத் தெரியாது. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"தயவு செஞ்சுன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல போட்டுடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

போட்டேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை உறை வந்தது. நகத்தளவு மெமரி கார்டு. கூட ஒரு வரி கிடையாது. அதைப் போட்டுப் பார்க்க அவர்கள் வீட்டில் எதுவும் இல்லை. ஞாயிறன்று கடைக்கு விடுமுறை. அதே மாடல் கேமராவையும் டி.வி.யில் மாட்டுகிற கம்பியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

விடியற்காலையிலிருந்தே மழை. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் என் வண்டி திணறியது. இரு பக்கமும் கல்வரிசை கட்டிய அடுக்கு நிலத்தில் ஆரஞ்சு பழுத்துத் தொங்கியது. தொட ஆளில்லை. நனைந்த பழத்தைப் பறித்தால் பெட்டிக்குள்ளேயே அழுகும். சரிவில் பெட்டி இறக்குகிற ஒற்றைத் தண்டவாள வண்டி பாதி வழியில் நின்று நனைந்துகொண்டிருந்தது. கீழே துறைமுகத்தில் பெப்புவுக்குப் போகும் கப்பல் ஊதியது. கப்பல் தெரியவில்லை.

ஷூசாகு அண்ணனின் அப்பா டொகுஜி பெரியப்பா அடியில் சூடேறும் கணப்பு மேசைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து பறிக்கிற கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. மழையையும் திட்டினார், மழை வராது என்று சொன்ன ரேடியோவையும் திட்டினார்.

"வாடா. உன்னையாவது சொன்ன நேரத்துக்கு அனுப்பினானே கடவுள். இன்னைக்கு எண்பது பெட்டி எறக்கியிருக்கணும். பறிக்க வந்த நாலு பயலும் கொட்டாயில சீட்டாடறானுங்க. சோறு மட்டும் மழையில நனையாதாம்."

யாசுயோ பெரியம்மா எனக்கு முன் தட்டை வைத்தார். பொரித்த மீன்வடை, துருவிய முள்ளங்கி, பார்லி மிசோ விழுது போட்ட சூப்.

"முதல்ல தின்னு. நீ தனியா என்னத்தைப் பொங்கித் தின்னுவ? கன்னம் ஒட்டிப்போச்சு."

"அவன் தின்னுட்டு இருந்தா சாயங்காலம் ஆயிடும். முதல்ல படத்தைப் போடச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"தின்னுகிட்டே போடுவான். உங்களுக்கு எதுலதான் பொறுமை இருந்திருக்கு?"

கம்பியை மாட்டினேன். அந்தக் கோடையில் நானே வந்து பொருத்திய நாற்பது அங்குல டி.வி. ஷூசாகு அண்ணன் அதற்கு முன்னால், ஓர் அடி தள்ளி, முழங்கால் மடக்கி உட்கார்ந்தார். சவரம் செய்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கார்டில் ஒரே ஒரு படம் இருப்பதாகத் திரை காட்டியது. பத்து நிமிடம் பதினோரு வினாடி.

"பதினோரு வினாடி கொசுறு போட்டிருக்கா பாரு" என்றார் பெரியப்பா. "தாராள மனசு."

"சும்மா இருப்பா."

ஓடவிட்டேன்.

நீல வானம். மட்சுயாமாவில் அன்று நல்ல வெயில். அடுத்து மைதானம். கயிறு, கொடிகள், சுண்ணாம்புக் கோடு. முடிக்கிற கோட்டுக்கு நேர் பக்கத்திலிருந்து எடுத்திருந்தது. அந்த இடம் சும்மா கிடைக்காது. விடிவதற்கு முன்பே போய்ப் பள்ளி வாசலில் வரிசையில் நின்று, கதவு திறந்ததும் ஓடிப்போய் நீல விரிப்பை விரித்தவனுக்குத்தான் கிடைக்கும். படம் ஆடவே இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையைப் படம் மெல்ல நெருங்கியது. சிவப்புத் தொப்பிகள். எல்லாம் ஒன்றுபோல. ஒன்றன்மேல் போய் நின்றது. ஒரு பெண் பிள்ளை, தொப்பியின் தாடைப் பட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது.

"காது" என்றார் பெரியம்மா. "காதைப் பாருங்க. உங்க காது."

"ஆமா" என்றார் பெரியப்பா. கத்தரியைக் கீழே வைத்தார். "நம்ம காதுதான். வேற யாருக்கு இப்படி வெளிய நிக்கும்? பாத்தியாடா, எங்க போனாலும் காது நம்மளுது."

ஷூசாகு அண்ணன் கையை நீட்டித் திரையைத் தொடப்போய் எடுத்துக்கொண்டார். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. மூக்கில் சுண்ணாம்புப் பொடி. புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. "இது எப்ப விழுந்தது?" என்றார் திரையிடம்.

ஆறு ஏழு நிமிடம் அப்படியே போயிற்று. அவள் பட்டையை மென்றாள். மண்ணில் விரலால் எதையோ கிறுக்கினாள். பக்கத்துப் பிள்ளை இடித்தபோது திருப்பி இடித்தாள். பெரியப்பா சிரித்தார். அப்புறம் ஆறு பேராக எழுந்து கோட்டுக்கு வந்தார்கள். சுஸு நேராக நின்றாள். மார்பில் தைத்த வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிந்தது. எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, வகுப்பும் குடும்பப் பெயரும் எழுதியது.

"நிறுத்து, நிறுத்து" என்றார் பெரியப்பா. "ஒசாமு, அந்தத் துணியைப் பெரிசாக் காட்டு. நம்ம பேரைப் பாக்கணும். அம்மாக்காரி வீட்ல இருந்தாலும் நினோமியான்னுதானே போட்டிருக்கும்."

நிறுத்தினேன். பெரிதாக்கினேன். அப்போதுதான் நானும் படித்தேன்.

பெரியப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். "என்னடா, மங்கலாத் தெரியுது. படி."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா படித்திருந்தார். சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழப்போனவர் அப்படியே உட்கார்ந்தார்.

"இரண்டாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு" என்றேன்.

"அது கெடக்கு. பேரு?"

ஷூசாகு அண்ணன்தான் படித்தார். "தாகேச்சி."

"என்னது?"

"தாகேச்சி. தாகேச்சின்னு போட்டிருக்கு. என் பொண்ணு மேல."

"வேற பிள்ளையோட சட்டையை மாட்டி விட்டிருப்பாங்க."

"இல்லப்பா."

"பள்ளிக்கூடத்துல மாறிப்போயிருக்கும்டா. நூறு பிள்ளைங்க—"

"அவ வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டா" என்றார் ஷூசாகு அண்ணன். "அவன் இவளைத் தத்து எடுத்துக்கிட்டான். நம்ம பேரை வெட்டிட்டாங்க."

எங்கள் சட்டத்தில் அதற்கு அம்மாவின் கையெழுத்து போதும். பெற்ற அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரவர் வீட்டில் நடக்கும்வரை யாருக்கும் தெரியாது. நாலு வரி எழுதிப்போட மிசாடோவுக்கு ஒரு அஞ்சலட்டை கிடைக்கவில்லை. மெமரி கார்டு கிடைத்தது.

மச்சம்கூடத் தெரியும் என்று சொல்லி விற்றது நான். பழைய தரத்தை வாங்கியிருந்தால் அந்தத் துணி வெறும் வெள்ளையாகத் தெரிந்திருக்கும்.

"மேல ஓட்டு" என்றார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் கழிச்சு—"

"ஓட்டுடா!"

ஓட்டினேன். துப்பாக்கி வெடித்தது. ஆறு பேரும் ஓடிவந்தார்கள். அப்போது கேமராவுக்கு வெகு அருகில், காதோரம் பேசுவதுபோல, ஓர் ஆணின் குரல் கேட்டது.

"சுஸு! சுஸு! இங்க பாரு! வா, வா, வா!"

சுஸு ஓடிக்கொண்டே நேராக லென்ஸைப் பார்த்தாள். ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஷூசாகு அண்ணனையே பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. அவர் முகமும் ஒரு நொடி திருப்பிச் சிரித்தது. பிறகு யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று புரிந்துகொண்டது.

"பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். "நான்தானே எழுதச் சொன்னேன். கூப்பிடறான். அப்படியே செய்யறான். விலாவோட ஒட்டி வெச்சிருக்கான், கோட்டுப் பக்கம் உக்காந்திருக்கான், வாங்கின கேமரா என்னுது, எழுதினது நானு, அந்த நாயி—"

எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்தார்.

"எங்கடா?" என்றார் பெரியம்மா.

"மட்சுயாமாவுக்கு. எவன்டா அந்தத் தாகேச்சின்னு பாக்கணும். அவ்வளவுதான். பாத்துட்டு வந்துடறேன்."

"போன தடவையும் பாத்துட்டு வந்துடறேன்னுதான் போன."

"போகட்டும்டி!" என்று பெரியப்பா கத்தினார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு குறைத்தார். "என் வீட்டுக்குள்ள அந்தப் பய குரல் கேக்கக் கூடாது. போடா, போய்க் கேளு. ஏழு தலைமுறையா இந்த மலையில இருக்கற பேரு. ஆரஞ்சுப் பெட்டியில ஒட்டின லேபிளா அது, கிழிச்சுட்டு வேற ஒட்ட? நான் சின்ன வயசா இருந்தா நானே போவேன்."

"போவீங்க. போய் என்ன செய்வீங்க? கத்துவீங்க. வேற என்ன தெரியும் உங்களுக்கு?"

பெரியம்மா எழுந்து வாசற்படிக்கு முன்னால் போனார். அங்கே கழற்றி வைத்திருந்த மகனின் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். நான் அந்த வீட்டுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன். அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"மிசாடோ எதுக்குப் போனான்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்? மலை ஏற முடியலன்னா? ஆரஞ்சு பறிக்கக் கையி வலிச்சுதுன்னா? சூப்புல உப்புன்னு ஒருத்தர் கத்துவாரு. பாலை ஊத்திட்டான்னு அந்தப் பச்சப் பிள்ளைகிட்ட ஒருத்தன் கத்துவான். கதவை ஒடச்சே நீ. ஞாபகம் இருக்கா? அன்னைக்கு அந்தப் பிள்ளை என் பாவாடைக்குள்ள பூந்துகிட்டு வெளிய வரவே இல்ல. நாப்பது வருஷமா நான் போகலங்கறதால யாரும் போக மாட்டாங்கன்னு நெனச்சிட்டீங்களா?"

"பூட்ஸைக் குடும்மா."

"குடுக்க மாட்டேன். போறதுன்னா வெறுங்காலோட போ. போனா அடுத்த படம் கிடையாது. அதுக்கு அப்புறம் அந்தக் காதைக்கூட நான் பாக்க முடியாது. அதைத் தெரிஞ்சுகிட்டுப் போ."

"டேய் ஒசாமு" என்றார் பெரியப்பா, யார்மேலாவது பாய வேண்டும் என்பதுபோல. "நீ என்னடா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க? படிச்சவன்தானே, ஏதாவது சொல்லேன்."

அங்கிருந்த மூன்று பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். என் கையில் பாதி கடித்த மீன்வடை இருந்தது. கேமரா விற்கிறவன் நான். சிஹோவைப் படம் பிடித்ததில்லை. எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று இருந்துவிட்டேன். அவள் குரல் எதிலும் இல்லை.

திரையில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. ஓட்டம் முடிந்திருந்தது. சுஸு கேமராவை நோக்கி விறுவிறுவென்று நடந்து வந்தாள். முகம் பெரிதாகிக்கொண்டே வந்து திரையை நிறைத்தது. சிரிப்பைக் காணோம். முகம் சிவந்திருந்தது. வாய் அசைந்தது. வேகவேகமாக அசைந்தது. சத்தம் இல்லை.

"அண்ணே" என்றேன். "அவ பேசறா."

ஷூசாகு அண்ணன் திரும்பினார். வெறும் காலோடு, கையில் சாவியோடு.

"என்ன சொல்றா?"

"தெரியல. சத்தம் இல்ல."

"சத்தத்தை வைப்பா."

"மாட்டேன். அந்தப் பயலும் பேசுவான்."

"ஒசாமு, அவன் குரலை எடுத்துட்டு இவ குரலை மட்டும் வெக்க முடியுமா?"

"முடியாதுண்ணே. ரெண்டும் ஒண்ணாத்தான் பதிஞ்சிருக்கு. எடுத்தா ரெண்டும் போயிடும்."

திரையில் அவள் காலை உதைத்தாள். செம்மண் எழும்பியது. எங்கேயோ கை நீட்டி யாரையோ காட்டினாள்.

ஷூசாகு அண்ணன் போய் அப்பா முன்னால் நின்றார். அடித்துவிடுவாரோ என்று பெரியம்மா பாதி எழுந்தார். அவர் குனிந்து பெரியவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் கூட்டினார். நிறையக் கூட்டினார். மைதானத்து ஒலிபெருக்கி, கூச்சல், காற்று எல்லாம் வீட்டுக்குள் கொட்டியது.

"—ஒத்துக்க மாட்டேன்! மூணாவதுன்னு சொல்றாங்க! அந்த நாலாம் கோட்டுப் பையன் துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடியே ஓடிட்டான்! நான் பாத்தேன்! ஏமாத்து! டீச்சர்கிட்டச் சொன்னேன், பரவாயில்லங்கறாங்க. என்ன பரவாயில்ல? எப்படிப் பரவாயில்ல?"

சின்ன உடம்பிலிருந்து வந்த குரல் இல்லை அது. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து வந்தது. அந்த வீட்டில் கொஞ்ச நேரத்துக்கு முன் இரண்டு பேர் அதே குரலில்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மறுபடி கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.

"சரி சரி" என்றது அந்த ஆணின் குரல். அவசரம் இல்லாத குரல். "நீ சொல்றது நெசமா இருக்கலாம். நானும் பாத்தேன், அவன் கொஞ்சம் முந்தினான்."

"கொஞ்சம் இல்ல! நெறைய!"

"சரி, நெறைய. கோவம் வருதுல்ல? வரட்டும். நாம பேசி வெச்ச மாதிரி எண்ணு. பத்து வரைக்கும். எண்ணிட்டு அப்புறமும் கத்தணும்னா கத்து. நான் கேக்கறேன்."

"எண்ண மாட்டேன்."

"சரி, எண்ண வேணாம். நான் இங்கயேதான் இருப்பேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். லென்ஸுக்குப் பின்னால் இருந்தவனை முறைத்தாள். மார்பில் அந்தத் துணி ஏறி இறங்கியது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் துப்புவதுபோலத் தொடங்கினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஷூசாகு அண்ணன் கணப்பு மேசைக்கும் டி.வி.க்கும் நடுவில் நின்றார்.

"நாலு. அஞ்சு." தோள் கொஞ்சம் இறங்கியது. "ஆறு. ஏழு."

படம் முடிந்தது. திரை கறுத்தது. பத்து நிமிடம் பதினோரு வினாடி.

கூரையில் மழைச் சத்தம் கேட்டது. கொட்டகையில் யாரோ சீட்டில் ஜெயித்துக் கூவினான்.

"மீதி?" என்றார்.

"இவ்வளவுதான் இருக்குண்ணே."

"கத்தினாளா இல்லையா?"

"தெரியல. அடுத்தது மே மாசம்தான் வரும்."

பெரியம்மா படியிலேயே இருந்தார். பூட்ஸ் மடியிலேயே இருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்க ஒன்றும் இல்லை.

ஷூசாகு அண்ணன் உட்கார்ந்தார். சாவியைக் கீழே வைக்கவில்லை. கைமுட்டிக்குள் வைத்து இறுக்கியதில் விரல் வெளுத்திருந்தது. அவர் தாடை அசைந்ததைப் பார்த்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பத்து வரை எண்ணுகிற நேரம் எடுத்தது.

"முதல்லேர்ந்து போடு" என்றார். "சத்தத்தோட."